பங்குச்சாமியின் இருமல்

திருப்பத்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

"போன கிறிஸ்மஸுக்கு நான் போட்ட ஒயினைக் குடிச்சதும் இருமல் நின்னுருச்சுன்னு எங்க சர்ச்சுப் பங்குச்சாமி சொல்றாக."

"நல்லதுதானே டீச்சர்?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"என்னத்த நல்லது? திராட்சையைக் கொதிக்கவச்சு, ஆறுறதுக்கு முன்னாடியே ஈஸ்ட்டைக் கொட்டிட்டேன். அது செத்துப்போச்சு. புளிக்கவே இல்ல, வெறும் சர்க்கரைப் பாகுதான். ஈஸ்ட்டு சூடு தாங்காதுன்னு வருசாவருசம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குறவளும் நான்தான்."

"இந்த வருசம் ஆறவச்சுப் போடுவீகள்ல?"

"எங்க போடவிடுறாக? சாமிக்கு மறுபடியும் இருமலு. காலிப் பாட்டிலைக் குடுத்துவிட்டிருக்காக, போன வருசத்து மாதிரியே வேணுமாம். இனிமே ஈஸ்ட்டைத் தெரிஞ்சேதான் கொல்லணும்."