பிழைப்பட்டியலைத் தனியே காத்த அக்காவுக்கு

கோப்பு காத்த கோமகளே! பிழை கண்டு பொறுக்காத பெருந்தகையே! மருத்துவமனைப் பதிவறையின் மணிவிளக்கே! முப்பத்தொரு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் கணினி நிரலாளர் அக்கா அவர்களே! வணக்கம்.

நோயாளர் சொன்னதை அவரவர் மொழியிலேயே கோப்பில் எழுதும் நிரலை ஆக்கித் தந்தவர் தாங்கள். கோப்பு ஏற்காத எழுத்து ஒன்று வந்தாலும் நிரல் அங்கேயே நிற்கும். அந்த வரி பிழைப்பட்டியலில் சேரும். காலைதோறும் அதைத் திறந்து, வார்டுக்கே நடந்து சென்று, கேட்டுத் திருத்தி வருவீர்கள். நிரல் நகரக் காத்திருந்த நாங்களோ தங்களுக்கு 'முட்டுக்கட்டை' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தோம். அது தங்கள் காதுக்கும் எட்டியது என்பதை அறிவோம்.

தாங்கள் காய்ச்சலில் கிடந்த வாரம், அவசரக்குடுக்கைகளான நாங்கள், எழுத முடியாததை விட்டுவிட்டு மேலே போகுமாறு நிரலை மாற்றினோம். வேலை பறந்தது. திரையில் 'முடிந்தது' என்று வர, வாயெல்லாம் பல்லாக நின்றோம். திரும்பி வந்த தாங்கள் பட்டியலைத் திறந்து பார்த்துச் சொன்னீர்கள்: "அஞ்சு நாளா ஒரு தப்புகூட வரலையா? அதுதான் பயமா இருக்கு." நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு 'ஆகாத மருந்து' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. அவர்களில் ஒருவருக்கு, அவருக்கு ஆகாத மருந்தையே அன்று மதியம் போடுவதற்காக ஊசியில் நிரப்பியிருந்தார்கள். அவரது தாள் படிவத்தைப் பார்த்ததும் தாங்கள் படியேறி ஓடி, செவிலியரின் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

பிறகு மற்றவர்களின் தாள் படிவங்களையும் தேடியெடுத்து, பதினோரு நாள் ஒவ்வொன்றாய் ஏற்றினீர்கள். உதவட்டுமா என்று தங்கள் அறை வாசலில் நின்றபடியே கேட்டோம். "நீங்க சாப்பிடப் போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று போனோம். அந்த அறையில் இரண்டாவது நாற்காலியே இல்லை என்பது நேற்றுத்தான் எங்கள் கண்ணில் பட்டது. வெட்கப்படுகிறோம் அக்கா.

இம்மடலில் தங்கள் இல்லத்தாரையும் பெயர் சொல்லி வாழ்த்த எண்ணி, ஒருவரையொருவர் விசாரித்தோம். தங்கள் வீட்டில் யார் இருக்கிறார், யாரேனும் இருக்கிறாரா என்பதே இத்தனை ஆண்டில் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடல் நலமும் உள நிறைவும் பெற்றுத் தாங்கள் நூறாண்டு காண்க! வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம். வீடு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பதிவறைப் பணியாளர்கள்