பென்சிலால் அடித்த பக்கம்

கைதானவரின் உரிமைகள் உள்ள பக்கத்தை, பரீட்சைக்கு வராது என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் பென்சிலால் கோடிட்டு அடித்துவிடச் சொன்ன ஆசிரியன் நான். நேற்று பம்மல் ஷேர் ஆட்டோவில் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“தம்பிய ஸ்டேஷன்ல வெச்சு ரெண்டு நாளாச்சுக்கா. கோர்ட்டுக்கே கூட்டினு போவல.”

“அத்தினி நாள் வெக்கலாமாடி?”

“யாருக்குத் தெரியும்? பத்தாவது புக்குல இருந்துச்சு. எங்க சாரு அடிச்சுடச் சொன்னாரு. மார்க்கு மட்டும் தொண்ணூறு!”

என் மாணவியின் குரல். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, இறங்கும்போது அவளிடம் நீட்டினேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“இப்ப வந்துருக்கு சார், பரீட்சைக்கு.”

அவளும் இறங்கி, தாம்பரம் கோர்ட்டுக்குப் போக, எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தினாள்.