மாற்றிப் பார்க்காத ஒன்று

உங்கள் லேப்டாப்பின் விசிறி இவ்வளவு சத்தம் போடக்கூடாது, மேடம். உள்ளே தூசி அடைத்திருக்கும். பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, மெல்லிய பிரஷால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் இரண்டு வருஷம் தாங்கும். இந்த ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வி பாதி காதில் விழாமல் போனதற்கு அதுதான் காரணம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன். தங்கை எங்கே என்று மூன்று தடவை கேட்டீர்கள், மூன்று தடவையும் தெரியாது என்றேன். அது பொய். ஆனால் முடிவை மட்டும் சொன்னால் என்னை ஒரு மாதிரியாக நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். சின்ன அலுவலகங்களில் சர்வர் படுத்துவிட்டால் போய் எழுப்பிவிட்டும் வருவேன். லேப்டாப் விஷயத்தில் கடைக்காரர் பேச்சை நான் கேட்பதே இல்லை. என் பென்டிரைவைச் சொருகி, கடையிலேயே லினக்ஸை ஓடவிட்டு, வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் முழித்துக்கொள்கிறதா என்று கால் மணி நேரம் பார்ப்பேன். என்னைக் கண்டாலே சில கடைக்காரர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைப் பற்றி இதுவரை ஒருவர்கூட வாய் திறந்து குறை சொன்னதில்லை.

சர்வர் வேலைக்கு எனக்கு ஒரே விதிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மெமரி என்றால் மெமரி மட்டும், வயர் என்றால் வயர் மட்டும். சரியாகவில்லை என்றால் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு இரண்டை மாற்றுகிறவனுக்குக் கோளாறு போய்விடும், எதனால் வந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே இதைப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபத்திநான்கு. அப்பா அதற்கு முன்பே இல்லை. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் நான்தான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யப்போகிறேன் என்றாள். நல்லது, செய் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அதற்கென்று ஒரு லேப்டாப்பும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அந்த ஒன்றில்தான் சறுக்கிவிட்டேன். அதிலிருந்த வைஃபை கார்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நடுவில் தூங்கிவிடும். முதல் நேர்முகத் தேர்வில், வீடியோவில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துபோனது. திரும்ப இணைவதற்குள் அந்தப் பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம். ஏதோ சொன்னேன், சிரித்தாள். வீடு வீடாக இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கோளாறு என்ன என்று பார்த்தேன். பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. அதன் செட்டிங்கில் ஒரே ஒரு வரி சேர்த்தால் அந்தக் கார்டு தூங்காது. அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

இரண்டாவது தேர்வு நடந்தபோது கார்டு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன், நன்றாகப் பேசினாள். என் மேசையிலிருந்தே அவள் லேப்டாப்புக்குள் போய்வர எனக்கு வழி உண்டு. பராமரிப்புக்காக வைத்தது, என்னிடம் வருகிற எல்லாருக்கும் வைப்பேன். உள்ளே போய் ஒரு வரிக் கட்டளை தட்டினேன். வைஃபை நின்றது. அந்தப் பக்கம் பேசிய குரலில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆட்களை எடைபோடுவதில் நான் தப்பு செய்வதில்லை.

இப்படி ஆறு தேர்வுகள். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தேன், அவள் கண் முன்னாலேயே. "எனக்கு ராசியே இல்லண்ணா" என்பாள். "விடு பாப்பா, அந்த வேலை உனக்கு வேண்டாம்னு இருக்கு" என்பேன். நாளாக ஆகச் சாப்பாடு இறங்கவில்லை. முடி கொட்டியது. வெளியே போவதை நிறுத்திவிட்டாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரையை வேளா வேளைக்குக் கையில் கொடுத்தேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று டாக்டரே சொல்வார், கேட்டுப்பாருங்கள்.

ஆறாவதற்குப் பிறகு அவள் போக்கு மாறியது. எனக்கு மூக்கில் வியர்த்தது. லேப்டாப்பை என்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் அறைக்குள் வந்தால் மூடிவிடுவாள். கண்ணாடி போட்ட அந்தத் தோழி இருக்கிறாளே, உங்களிடம் வந்து புகார் கொடுத்தவள், அவளோடு மாடிக்குப் போய் நின்றுதான் போனில் பேசுவாள். யாரோ தங்கையின் மனசைக் கலைக்கிறார்கள் என்று புரிந்தது. அவள் குளிக்கும்போது தலையணைக்கு அடியில் இருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி போட்டு எழுதியிருந்தாள். வயர் மாற்றினேன், பயனில்லை. ரவுட்டர் மாற்றினேன், பயனில்லை. கார்டு மாற்றினேன், பயனில்லை. அறை மாற்றினேன், பயனில்லை. லினக்ஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டும் பார்த்திருந்தாள். அதற்கு அவள் எடுத்தது நான் கொடுத்த பென்டிரைவ். என் வழியும் அதிலேயே இருந்தது, பாவம்.

ஒரு நேரத்தில் ஒன்று. எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாள் என்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

போன வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஏழாவது தேர்வு என்று சொன்னாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பதினொன்று நாலுக்கு உள்ளே போனேன், வரியைத் தட்டினேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று லினக்ஸ் லாக் என்கிற பதிவேட்டில் எழுதி வைக்கும். வைஃபை போகும் முன்பே அதையும் வழக்கம்போல அழித்திருந்தேன்.

அவள் அறையிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் தேர்வும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இன்டர்வியூ ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சுண்ணா. என் ஃபிரெண்டு வீட்டுல உட்கார்ந்து பேசினேன். வேலை கிடைச்சிடுச்சு, விசாவும் வந்தாச்சு" என்றாள்.

நான் லேப்டாப்புக்குக் கை நீட்டினேன். அவள் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டேன். வயரு, ரவுட்டரு, கார்டு, ரூமு. மாத்தாம இருந்தது நீ ஒருத்தன்தான்."

"என்ன பாப்பா உளர்ற" என்றேன்.

"லாக்கை அழிச்சிருப்ப, தெரியும். அது எழுத எழுத அவ கம்ப்யூட்டருக்கும் ஒரு காப்பி போயிட்டே இருக்கு. இன்னிக்குப் பதினொண்ணு நாலு. உன் மெஷின்."

லாக்கை இன்னொரு கணினிக்கு அனுப்பி வைப்பது பெரிய சர்வர்களில் செய்வது. வீட்டு லேப்டாப்பில் அதைச் செய்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற யாராயிருந்தாலும் அங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள்.

அவள் கத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் என்றாள். "எத்தனை நாள் நான் லாயக்கில்லாதவள்னு என்னையே திட்டிக்கிட்டு அழுதிருக்கேன், நீ பக்கத்துல உட்கார்ந்து தட்டிக்கொடுத்தியே" என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்டேன். காலில் விழாத குறைதான். இது எல்லாவற்றையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாடிக்கையாகப் போகிற அலுவலகம் ஒன்று போன மாதம் மூடப்பட்டது. தரைக்கு அடியில் இருக்கும் அதன் கீழ்த்தளத்தில் சர்வர் அறை. இயந்திரங்களைப் பிரித்து எடுக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள், சாவியும் என்னிடம்தான். எங்கள் வீட்டுப் படங்களின் பிரதியை அங்கே ஒரு சர்வரில் வைத்திருந்தேன். "பாப்பா, அம்மா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. ஒரு டிஸ்க்குல ஆரஞ்சு லைட் எரியுது, எனக்குப் பிடிபடல. போறதுக்கு முன்னாடி வந்து பாத்துட்டு, வேணுங்கறதை எடுத்துக்கோ" என்றேன். அவளிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று தராசில் போடுகிற பார்வை. பிறகு சரி என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டாள், விளக்கு பச்சையானது. நல்ல டிஸ்க் ஒன்றைப் பழைய ஸ்லாட்டில் போட்டாள், அது ஆரஞ்சு. "டிஸ்க் நல்லாத்தான் இருக்குண்ணா. ஸ்லாட்டுதான் போயிடுச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா, அவ்வளவுதான். அந்த ஸ்லாட்டுக்குள் இருக்கிற ஒரு கம்பி முனையை முதல் நாள் நான்தான் வளைத்து வைத்திருந்தேன். அவளுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

வண்டியிலிருந்து வயர் எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்து கதவைப் பூட்டினேன். கதவின் உட்பக்கக் கைப்பிடியை வெள்ளிக்கிழமையே கழற்றியாகிவிட்டது. கீழ்த்தளத்தில் போன் எடுக்காது. சர்வர்களின் நெட்வொர்க் வயர்களை முன்பே உருவிவிட்டேன். இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரும் பிஸ்கட்டும் ஒரு போர்வையும் வைத்திருந்தேன். ஏசி எந்நேரமும் பதினெட்டு டிகிரியில் ஓடும், அவளுக்குக் குளிர் ஆகாது என்பதால்தான் போர்வை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் போனதும் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் போனேன். கதவை அடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்லித் திட்டினாள். இந்த நிலையில் திறந்தால் பேச்சு முற்றிவிடும், கோபம் கொஞ்சம் தணியட்டும் என்று திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை தட்டிக்கொண்டு மட்டும் இருந்தாள். அண்ணா, அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பழைய பாப்பா திரும்ப வருகிறாள் என்று சந்தோஷமாக இருந்தது, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கதவில் காதை வைத்துக் கேட்டேன். சர்வர் விசிறிச் சத்தம்தான் கேட்டது. சமாதானமாகித் தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்குகிறவளை எழுப்ப மனசு வரவில்லை. இன்று புதன். காலையிலேயே உங்கள் ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆமாம், நான்தான் பூட்டினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நீங்கள் என்னிடமிருந்து வாங்கி வைத்த சாவிக்கொத்தில் ஒரு பித்தளைச் சாவி இருக்கும், அந்த அலுவலக விலாசம் அதில் கட்டிய அட்டையிலேயே இருக்கிறது. படி இறங்கி இடது பக்கம் இரண்டாவது கதவு. எழுந்துவிட்டீர்கள், ஒரு நிமிஷம், இதையும் கேட்டுக்கொண்டு போங்கள். திறப்பதற்கு முன்னால், அண்ணன்தான் அனுப்பினான் என்று வெளியிலிருந்தே ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். யாரோ என்னவோ என்று பயந்துவிடப் போகிறாள்.