வழி சொல்லாத மேடம்

முத்தையாபுரத்தில் பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "அக்கா, கம்பெனியில எனக்கு கோச்னு ஒரு மேடத்தை வச்சிருக்காவல்லா, அவுக கப்பலையே பார்த்ததில்லையாம்."

இருவர் உடம்பிலும் ஒரே துறைமுகக் கன்டெய்னர் யார்டு சட்டை. பக்கத்தில் இருந்த மூத்தவள் சிரித்தாள்.

"ஏளா, பிறகு என்னத்தச் சொல்லித் தருவாவ?"

"ஒண்ணும் தரமாட்டாவ. நீங்க என் மென்டார், உங்க அனுபவத்துல வழி சொல்லுவீய. அவுக கேள்விதான் கேப்பாவ."

"கேக்கதுக்கு ஒரு ஆளா! சரி, உனக்குத் தாரோம்னு சொன்ன ஷிப்ட் இன்சார்ஜ் வேலைக்கு இன்னைக்குப் பதில் சொல்லணுமே?"

மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பின் சீட்டில் இருந்த நான் முன்னால் சாய்ந்தேன்.

"பயமில்லன்னா என்ன செய்வன்னு அந்த மேடம் கேட்டாவக்கா. யோசிச்சேன். ஏத்துக்கிடுதேன்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு இதே வேலையைத் தந்தப்ப நான் பயந்து விட்டுட்டவல்லா. ஆனா உனக்கு வேலை கத்துக் குடுத்தது நான்தான்னு யார்டு பூரா சொல்லுவேன், பாத்துக்க."

"சொல்லுங்கக்கா."

"யார்டுல இனி நீ சொல்லுததை நான் கேப்பேன். பஸ்ஸுல ஜன்னல் சீட்டு எனக்குத்தான். எந்திரி."