பாய்க்கு அடியில் ஒரு சிரட்டைத் துண்டு

கயிற்றுப் பாயை விரிக்க இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். பழகிவிட்டால் ஒருவரே போதும்.

அதிபர் அவர்களே, பிரியாவிடை மலருக்கு என் சேவையைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள். நம் கல்லூரித் துடுப்பாட்ட அணிக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாகத் துணைப் பயிற்சியாளன். அதற்குள் தலைமைப் பயிற்சியாளர்கள் நான்கு பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் கனடாவுக்குப் போனார், ஒருவர் கொழும்புக்கு, ஒருவர் மேலே. நான்காமவரும் பெட்டி கட்டி வைத்திருக்கிறார். செல்வரட்ணம் மாஸ்டராகிய நான் மட்டும் அப்படியே இருந்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. களைப்புத்தான்.

விழாவில் அடைக்கலநாதன் எனக்கு மாலை போடுவான் என்றீர்கள். அதனால்தான் மலருக்கு எழுதவேண்டியதை விட்டுவிட்டு, உங்களுக்கு இதை எழுதுகிறேன். மாலையைத் தூக்கும்போது அவனுடைய இரண்டு சுட்டுவிரல்களும் மடங்காமல் என் முகத்துக்கு நேரே நீளும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு இனித் தெம்பில்லை.

நம் மைதானத்தில் இறுகிய களிமண்ணின் மேல் பாயை விரித்து, ஓரங்களை இழுத்து ஆணி அறைந்த பிறகுதான் கிரிக்கெட் ஆட்டம். தலைமைப் பயிற்சியாளர் வரும்போது பாய் விரிந்திருக்க வேண்டும். கிழிந்த கையுறைகள் தைத்திருக்க வேண்டும். இரண்டும் என் வேலை. ஒரு துணைப் பயிற்சியாளன் விரித்த பாய்க்கு அடியில் என்ன இருக்கிறதென்று எவரும் குனிந்து பார்த்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அடிபட்டவர்கள் கொழும்பிலிருந்து கப்பலில் வந்திறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் நம் பெடியள் ஆயுத இயக்கங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தவனின் சைக்கிள் புதன்கிழமை தட்டாதெருச் சந்தியில் தனியாக நிற்கும். தாய்மார் அதிபரிடம் போகவில்லை. என்னிடம் வந்தார்கள்.

எண்பத்தாறில் குருநகரிலிருந்து மார்கிரட் வந்தாள். அடைக்கலநாதனின் தாய்.

"மாஸ்டர், உவன் ரெண்டு நாளாச் சாப்பிடுறானில்லை. கதைக்கிறதும் இல்லை. சப்பாத்தைத் துடைச்சு வைச்சிருக்கிறான். எப்பிடியாவது மறிச்சுப்போடுங்கோ. உங்கடை சொல்லைத்தான் கேப்பான்."

"பயப்பிடாதேங்கோ. பாப்பம்," என்றேன்.

சொல்லைக் கேட்கிற வயதா அது? நான் வேறு விதமாக யோசித்தேன். சுட்டுவிரல் மடங்காதவனைத் துவக்குத் தூக்க ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். வலக்கைத் துடுப்பாட்டக்காரனுக்கு மட்டையின் பிடியில் கீழே இருப்பது வலது கை. பந்து எகிறினால் முதலில் வாங்குவது அந்தச் சுட்டுவிரல்தான். அவனுடைய கையுறையில் அந்த விரலுக்குரிய பஞ்சை எடுத்துவிட்டுப் பழந்துணியைத் திணித்துத் தைத்தேன். வேகப்பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தில், பாய்க்கு அடியில், உள்ளங்கையளவு தேங்காய்ச் சிரட்டைத் துண்டொன்றை வைத்தேன். எங்கள் மிக வேகமான பந்துவீச்சாளனிடம் பந்தைக் கொடுத்து, "இண்டைக்கு இறுக்கிப் போடு, தம்பி," என்றேன்.

எட்டாவது பந்து. சத்தம் பெரிதாக இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் இடது கையால் பேனை பிடித்துப் பெயர் எழுதினான். அது என் பிழை. மட்டையை வலக்கைக்காரனைப் போலப் பிடிக்கிறவன், மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைக்காரன் என்பதை நான் கவனித்திருக்கவில்லை. கட்டு அவிழ்த்து அவன் மறுபடி மைதானத்துக்கு வர மூன்று மாதம் பொறுத்திருந்தேன். இரண்டாம் முறை மற்றக் கையுறையைத் தைத்தேன். மேலே இருக்கும் கையில் அடி விழுவது லேசல்ல. இரண்டு பின்னேரம் எடுத்தது.

அவன் போகவில்லை. வலை பின்னவும் முடியாது, சோதனை எழுதவும் முடியாது. இப்போது குருநகரில் கோயில் மணி அடிக்கிறான். கயிற்றைப் பிடிக்க உள்ளங்கை போதும். மார்கிரட் கிழமைக்கு ஒருதரம் எனக்கு நண்டு கொண்டுவந்து தருவாள்.

"மாஸ்டரின்ரை மைதானத்திலை விழுந்த அடிதான் என்ரை பிள்ளையை எனக்கு மிச்சம் விட்டது," என்பாள்.

"ஓம்," என்பேன். நண்டையும் வாங்கிக்கொள்வேன்.

இப்படிப் பதினொரு பேர். ஒரு முழு அணி. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களோடு ஆடியவர்களின் படங்களுக்கு வீடுகளில் மாலை தொங்குகிறது. இதை வைத்து நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். முதற்பெயருக்கு மட்டும் ஒரு விளக்கம் தேவைப்படும்.

குகதாசன். அவனைப்போல ஒரு துடுப்பாட்டக்காரன் பிறகு நமக்குக் கிடைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு கிழமை இருக்கும். பயிற்சியில் அவனுடைய முழங்கையைத் திருத்தப் போனேன். தலைமைப் பயிற்சியாளர் சண்முகநாதன் கதிரையிலிருந்து எழும்பாமலே சொன்னார்:

"செல்வரட்ணம், உவனை விடும். உமக்கு வேணுமெண்டால் உவன் சொல்லித் தருவான்."

பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குகதாசன் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, "சேர் பகிடிக்குச் சொல்லுறார், மாஸ்டர். நீங்கள் காட்டுங்கோ," என்றான்.

மறுநாள் பாயை நான் தனியாக விரித்தேன்.

அவன் இப்போது அரியாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். நட்டு முறுக்கும் சாவி அடிக்கடி கையிலிருந்து நழுவும். ஆனாலும் என் சைக்கிளை வேறு ஒருவரையும் தொட விடமாட்டான். நல்ல பிள்ளை. அவனோடு படித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள், அவன் போகவில்லை. ஆகவே அவனையும் நான் காப்பாற்றியவர்களோடு சேர்த்தே எழுதியிருக்கிறேன். அவன் விரல் முறிந்தது எண்பத்து மூன்று மாசியில். காரணம் ஆடியில்தான் வந்தது. ஐந்து மாதம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.