ஒரே ஒரு ரத்தப் பை

"வெளியே வாங்க. கூரை போவுது."

டாக்டர் ஜெபமணியம்மா கத்துகிறார். ஆண்கள் வார்டில் ஓடுகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. பிறகு மரம் முறிகிற நீண்ட சத்தம். தலைக்கு மேல் வானம். நோயாளிகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பிரசவ அறைக்கு ஓடுகிறோம். அந்த அறைக்கு மட்டும்தான் கான்கிரீட் தளம்.

கார்த்திகை மாதம். புயல் கரையேறிய இரவு. விடிகிற நேரம். அதிராம்பட்டினத்துக்கு மேற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர். நர்ஸ்கள் நானும் மேரியும். ஒரு பழைய ஜீப்.

பிரசவ அறையில் செல்வி இருந்தாள். தலைப்பிரசவம். காற்று தணிந்தபோது குழந்தை பிறந்தது. பெண். நன்றாக அழுதது. ஆனால் செல்விக்கு ரத்தம் நிற்கவில்லை.

கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசி போட்டோம். இருந்ததையெல்லாம் போட்டோம். டாக்டர் கையை முஷ்டியாக்கிக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். போன் செத்துக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பட்டுக்கோட்டைச் சாலை முழுக்க விழுந்த தென்னை.

செல்வியின் கணவன் முருகையன் வாசலுக்கு வந்தான்.

"ரோட்ட நான் வெட்டி விடுறேங்க. ஜீப்புல கொண்டுபோயிடலாம்ல?"

"போங்க. சீக்கிரம்" என்றார் டாக்டர்.

அரிவாளோடு ஓடினான். ஊர்க்காரர்களும் கூடப் போனார்கள்.

எங்களிடம் ரத்த வங்கி கிடையாது. அலமாரியில் காலிப் பை ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. ஒருவரிடம் எடுத்து நேரே இன்னொருவருக்கு ஏற்றச் சட்டம் இடம் கொடுக்காது. டாக்டர் என்னைப் பார்த்தார். என் ரத்தம் ஓ பாசிட்டிவ். அவளுக்கும் அதுதான்.

"படு ரூத்" என்றார்.

ஈரத் தரையில் படுத்தேன். பை நிரம்பியது. அது அவளுக்குள் இறங்குகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதட்டில் கொஞ்சம் நிறம் வருகிறது.

"பாப்பா எங்கக்கா?"

"மேரிகிட்ட இருக்கு."

"குளிருதுக்கா."

அதற்குமேல் அவள் பேசவில்லை. வார்டு ஆட்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கதவருகே நின்றார்கள். என்னுடையதை எடுங்க, என்னுடையதை எடுங்க என்றார்கள். ரத்தம் இருந்தது. பிடிக்கப் பை இல்லை. டாக்டர் கையை எடுக்கவே இல்லை. நாடி நின்ற பிறகும் எடுக்கவில்லை. மேரிதான் தோளைத் தொட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. குழந்தையைத் துடைத்தேன். துணியை மாற்றினேன். தூரத்தில் மரம் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ச் சொல்ல யாரும் நகரவில்லை.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. முருகையன் வந்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"வழி ஆயிடுச்சுங்க. ஜீப்ப எடுங்க."

டாக்டர் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

எங்கள் ஆஸ்பத்திரி இழந்தவற்றை எழுதுகிறேன். ஆண்கள் வார்டின் கூரை. ஜெனரேட்டர். குளிர்பெட்டியும் அதிலிருந்த தடுப்பூசிகளும். தென்னைகளை யாரும் எண்ணவில்லை.

ஆட்களில் ஒருவர். செல்வி. வயது இருபத்து மூன்று.