ஒன்றாம் எண் டோக்கன்

மேடையிலிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, சக ஊழியர்களே, நாற்காலி கொடுத்தும் உட்காராமல் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினான்கு ஆண்டுகளாகத் தலைமைச் செவிலி நான். நாளை நான் போனால் இதில் பாதிப் பேர் வருவார்களா? ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த ஓர் எழுத்தருக்கு, நம் டோக்கன் அக்காவுக்கு, மாடிப்படிவரை ஆள் நிற்கிறது!

அப்படி என்ன செய்தார்? ஒன்றாம் எண் டோக்கனை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். விடியற்காலையில் வந்து முதலில் நின்றவருக்கும் இரண்டாம் எண்தான். சண்டை வராமல் இருக்குமா? அதைக் காதிலேயே வாங்காமல் வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏம்மா, காலையிலேர்ந்து குழந்தை அசைஞ்சுதா?" "மோதிரம் ஏன் விரலை இப்படி இறுக்குது?" "துளி ரத்தம்தானேன்னு நீயே முடிவு பண்ணிடுவியா? இந்தா, முதல்ல உள்ள போ." ஒன்றாம் எண் கைமாறும். மருத்துவர் அறையிலிருந்து திரும்பி வந்ததும் மறுபடி டிராயருக்குள் போகும்.

தாய்மார்கள் என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடம் கேட்டார்கள். சும்மா இருப்பேனா? எழுத்தர் வைத்தியம் பார்க்கிறார் என்று மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் எங்க சிஸ்டர் வைத்தியம் பாக்குறேன்? வரிசையைத்தானே மாத்துறேன்."

என் மகள் எட்டாம் மாதத்தில் இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். "வாயும் வயிறுமா இருந்தா தலை வலிக்கத்தான் செய்யும், போய்ப் படு" என்றேன். முகம் ஊதியிருந்தது. சதை போட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், எங்கள் வீட்டில் வாத்தியாரே மக்கு.

மறுநாள் எனக்குத் தெரியாமல் வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். அக்கா தலையை வெளியே நீட்டி, "அந்த போர்டுல என்ன நம்பர் எரியுது, சொல்லு" என்றாராம்.

"மங்கலா இருக்குக்கா. கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

அன்று ஒன்றாம் எண் என் மகளுக்கு. ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. மதியத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். இன்னொரு நாள் வீட்டில் படுத்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்றார் மருத்துவர்.

நான் நன்றி சொன்னேனா? இல்லை. பெற்றவளைத் தாண்டி அந்த ஜன்னலுக்குப் போனாளே என்ற பொறாமையில் ஒரு வாரம் அக்காவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. இதோ, முன்வரிசையில் மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்காக இப்படி அழுவாளா என்று இந்த நிமிடமும் மனம் கேட்கிறது.

அக்கா, நேற்று உங்கள் டிராயரைத் திறந்தேன். ஓரமெல்லாம் தேய்ந்து அந்த ஒன்றாம் எண் அங்கேயே இருந்தது. உயிரோடு இருந்தபோது கேட்காத மன்னிப்பை அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

தாய்மார்களே, ஓய்வு பெறும்வரை காலை நேரத்தில் அந்த ஜன்னலில் நான் உட்காரத் தலைமை மருத்துவர் அனுமதி தந்திருக்கிறார். விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் வீக்கம், ரத்தம், நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைவு, எதுவானாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். போய்ப் படு என்று நான் இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நாளைக்கும் நம் வரிசை இரண்டிலிருந்துதான் தொடங்கும்.